துணை நடிகை என்றால் எனக்கு தெல்மா ரிட்டர்தான்

கேள்வி: கதாநாயகியைவிட அதிகமாக உங்கள் மனதில் நின்றுவிட்ட ஹாலிவுட் துணை நடிகை யார்?

யோசிக்கவே வேண்டாம், தெல்மா ரிட்டர்.

நான் அவரை முதலில் பார்த்தது இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ'வில் (1954). காலில் மாவுக்கட்டோடு கிடக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டைக் கவனிக்க வரும் நர்ஸ் ஸ்டெல்லா. தெர்மாமீட்டரை வாயில் வைப்பார், முதுகைத் தேய்த்துவிடுவார். வாய் பாட்டுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கும், கை பாட்டுக்கு வேலை செய்யும். எதிர்வீட்டுக்காரன் தன் மனைவியின் பிணத்தைக் குளியல் தொட்டியில் வைத்துத்தான் வெட்டியிருப்பான் என்று அவர் சாதாரணமாக விளக்கும்போது, பாவம், ஸ்டூவர்ட்டுக்குக் காலை உணவு இறங்காது. கிரேஸ் கெல்லி அத்தனை அழகாக வந்த படத்தில் என் கண் இவர் பின்னாலேயே போனது.

நியூயார்க்கின் புரூக்ளினில் 1902-இல் பிறந்தவர். நாடகம், வானொலி என்று இருந்துவிட்டு சினிமாவுக்கு வந்தபோது வயது நாற்பத்தைந்து. 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' (1947) படத்தில், கடை கடையாக அலைந்தும் மகன் கேட்ட பொம்மை கிடைக்காமல் சலித்துப்போன ஒரு அம்மா. சின்ன வேடம்தான், டைட்டிலில் பெயர்கூடக் கிடையாது. ஆனால் அந்தக் களைப்பு நிஜம் போலவே இருக்கும்.

'ஆல் அபவுட் ஈவ்' (1950) படத்தில் பெட் டேவிஸின் உதவியாளர் பேர்டி. நல்ல பெண் வேடம் போடும் ஈவை முதலில் சந்தேகிப்பது இவர்தான். அந்தச் சந்தேகத்தைப் பெரும்பாலும் பார்வையிலேயே காட்டிவிடுவார். பிற்பாதியில் பேர்டியைக் காணவே காணோம். அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

ஆனால் அவருடைய உச்சம் சாமுவேல் ஃபுல்லர் இயக்கிய 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்' (1953) என்பேன். மோ என்ற பாத்திரம். கழுத்து டை விற்பார், போலீசுக்குத் துப்பும் விற்பார். சேர்க்கும் காசெல்லாம் தன் அடக்கச் செலவுக்கு. அனாதைப் பிணமாகப் பொதுக் குழியில் போய்விடக் கூடாது, அவ்வளவுதான் ஆசை. ஒரு இரவு கால் ஓய்ந்து அறைக்கு வந்து இசைத்தட்டைப் போட்டுவிட்டுப் படுக்கிறார். துப்பாக்கியோடு ஒருவன் வந்து நிற்கிறான். அவரிடம் பயமே இல்லை, அசதி மட்டும்தான். குரலை உயர்த்தாமல், ரொம்பக் களைத்துவிட்டேன் என்பதுபோலப் பேசுகிறார். கேமரா விலகி இசைத்தட்டுப் பக்கம் போகிறது. வெடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. இரண்டு நாள் அந்தக் காட்சி என்னை விடவில்லை.

அந்தப் படத்துக்கும் சேர்த்து 1950 முதல் 1953 வரை வந்த படங்களுக்குத் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் ஆஸ்கர் பரிந்துரை. அப்புறம் 1959, 1962 படங்களுக்கும். மொத்தம் ஆறு, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைதான் அவருக்கு விருது கொடுத்தது: 1958-இல் 'நியூ கேர்ள் இன் டவுன்' இசை நாடகத்துக்காக, உடன் நடித்த க்வென் வெர்டனோடு சேர்ந்து சிறந்த நடிகைக்கான டோனி விருது. 1969-இல் காலமானார்.

பார்க்கத் தொடங்குவதென்றால் 'ரியர் விண்டோ'வில் தொடங்குங்கள். மோவைப் பார்க்கும் இரவில் மறுநாள் சீக்கிரம் எழும் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.