அஃபிலியேட் கணக்கு ஏன் மூடப்பட்டது?

சமையல் தளத்துக்கு நாள்தோறும் ஆட்கள் வந்தும், ஆறு மாதத்தில் அமேசான் உங்கள் அஃபிலியேட் கணக்கை, அதாவது உங்கள் தளத்தின் இணைப்பு வழியே யாராவது பொருள் வாங்கினால் கமிஷன் தரும் கணக்கை, மூடிவிட்டது என்கிறீர்கள். சேர்ந்த 180 நாட்களுக்குள் மூன்று விற்பனையாவது நடக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. உங்கள் இணைப்பில் நீங்களே வாங்கிய மிக்சி கணக்கில் வராது. தம்பி, மச்சானை வாங்கச் சொல்வதும் கூடாது.

மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனால் முதலில் பக்கத்தை மாற்றுங்கள். சாம்பார்ப் பொடிச் செய்முறைக்கு வருபவர் பொடி அரைக்க வந்தவர். ஓரத்தில் தொங்கும் பத்துப் பொருட்களின் விளம்பரப் படங்களை ஏன் தொடப்போகிறார்? “நான்கு பேருக்கு ஒன்றரை லிட்டர் கிரைண்டர் போதுமா?” என்று தேடுபவரோ பணத்தோடு வருகிறார். கல்லைத் தூக்கிக் கழுவ முடிகிறதா, மாவு ஓரத்தில் ஒட்டுகிறதா என்று அவருக்கு எழுதுங்கள். கமிஷன் வரும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள், அது கட்டாயம்.