பெர்மியன் பேரழிவுக்கு எரிமலைகளே காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பூமியின் மேற்பரப்பில் அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் காணப்படும் இரிடியம் டைனோசர்களின் முடிவுக்குச் சாட்சி சொன்னதைப் போல, சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலான உயிரினங்களை அழித்த பெர்மியன் பேரழிவுக்கும் ஒரு தனிமம் சாட்சி சொல்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒற்றைச் சாட்சி எதுவும் இல்லை. இத்தாலியின் குபியோவில், டைனோசர்கள் அழிந்த காலத்தைச் சேர்ந்த, ஒரு சென்டிமீட்டர் அளவே தடித்த களிமண் அடுக்கில் வழக்கத்தைவிடச் சுமார் 30 மடங்கு இரிடியம் இருப்பதை அல்வாரெஸ் என்ற அறிவியலாளரின் குழுவினர் 1980இல் அறிவித்தபோது, காரணம் விண்ணிலிருந்து வந்தது என்று நேரடியாகச் சுட்ட முடிந்தது. பெர்மியன் முடிவில் காரணத்தைப் பல தடயங்களைச் சேர்த்துத்தான் நிறுவ வேண்டியிருக்கிறது.

அவற்றுள் நான் முதலிடம் தருவது காலக்கணக்கிற்கு. சீனாவின் ஜெஜியாங் மாகாணத்து மெய்ஷான் கல்குவாரியில், சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கு இடையே மெல்லிய எரிமலைச் சாம்பல் அடுக்குகள் உள்ளன; 25ஆம் அடுக்கு என எண்ணிடப்பட்ட வெளிர்நிறக் களிமண்ணும் அவற்றில் ஒன்று. சாம்பலில் உள்ள சிர்கான் படிகங்கள் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்று ஈயத்தை விலக்கிவிடுவதால், இன்று அவற்றுள் இருக்கும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து உண்டானதே ஆகும். இவ்விரண்டின் விகிதமே படிகத்தின் வயதைத் தருகிறது. இவ்வாறு கணக்கிட்டு, அழிவு சுமார் 60,000 ஆண்டுகளுக்குள் நடந்து முடிந்தது என்று 2014இல் வெளியிட்டார்கள். இந்தப் பேரழிவுக்குக் காரணமாகக் கருதப்படும் சைபீரிய எரிமலைகளின் பாறைகளும், அதே முறையில் வயது கண்டபோது, அதே காலத்தவை.

அந்த அடுக்குகளை ஒட்டியே சுண்ணாம்புக்கல்லில் கார்பன்-13 (கார்பனின் கனமான வகை) சட்டெனக் குறைகிறது. கனம் குறைந்த கார்பன் பெருமளவில் காற்றிலும் கடலிலும் கலந்தது என்பதே அதன் பொருள். கோனோடான்ட் என்னும் சிற்றுயிர்களின் பல் போன்ற உறுப்புகளில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகள் (எடை வேறுபட்ட அணுவகைகள்), கடல்நீர் கடுமையாகச் சூடேறியதைக் காட்டுகின்றன. பாதரசமும் பல இடங்களில் உயர்கிறது. எரிமலை வாயுவோடு வெளியேறும் பாதரசம் காற்றில் பல மாதங்கள் தங்கி உலகெங்கும் படியக்கூடியது என்றாலும், அது கரிமப் பொருளோடு எளிதில் ஒட்டிக்கொள்வதால், கரிமக் கார்பனோடு ஒப்பிடாமல் தனியே காட்டப்படும் பாதரச அளவை நான் சான்றாக ஏற்பதில்லை.

இதில் முக்கியமான நுட்பம் ஒன்று உண்டு. சைபீரியாவில் அழிவுக்குச் சுமார் மூன்று லட்சம் ஆண்டுகள் முன்பிருந்தே எரிமலைக் குழம்பு வழிந்துகொண்டிருந்தது. அப்போதெல்லாம் பேரழிவு நேரவில்லை. பின்னர் குழம்பு மேலே வராமல் துங்குஸ்கா படுகையின் நிலக்கரி, உப்புப் படிவுகளுக்குள் கிடையாக ஊடுருவி அவற்றைச் சுட்டு, கனம் குறைந்த கார்பன் அடங்கிய வாயுக்களை வெளியேற்றத் தொடங்கிய காலமே அழிவின் தொடக்கத்தோடு பொருந்துகிறது என்று 2017இல் முன்வைக்கப்பட்ட விளக்கமே, கார்பன்-13 ஏன் அவ்வளவு சட்டெனக் குறைந்தது என்பதற்கும் மிகவும் பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது.