ஹேக் ஆன இன்ஸ்டாகிராம் கடை: ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டும் முன் பழைய மெயிலைத் தேடுங்கள்

கேள்வி: சேலம் இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் செய்கிறோம். முக்கால்வாசி ஆர்டர் இன்ஸ்டாகிராம் வழியாகத்தான் வரும். போன வாரம், "உங்கள் பதிவு காப்புரிமையை மீறுகிறது, 24 மணி நேரத்தில் கணக்கு நீக்கப்படும்" என்று ஒரு மெசேஜ். பயந்துபோய் லிங்க்கைத் தொட்டு, பாஸ்வேர்டும் போனுக்கு வந்த ஓடிபி கோடும் போட்டுவிட்டேன். மறுநாள் உள்ளே போக முடியவில்லை. மெயில், நம்பர் எல்லாம் மாறிவிட்டது. இப்போது எங்கள் கடை பெயரில் கிரிப்டோ முதலீடு என்று ஸ்டோரி ஓடுகிறது. ஒருவர் ₹20,000 கேட்கிறார், பாதி முன்பணம், இரண்டு நாளில் மீட்டுத் தருவாராம். கொடுக்கலாமா? கணக்கில் என் முகம் தெரியும் படம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் பொம்மைக்குக் கட்டிய சேலைதான். 2019-இல் கணக்கைத் திறந்தது அப்போது கடையில் வேலை பார்த்த பையன்.

பதில்: கொடுக்காதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் இப்போது உங்களுக்கு நேரம்தான் முக்கியம்.

முதல் வேலை, கணக்கில் முன்பு இருந்த மெயிலைத் திறந்து பார்ப்பது. யாராவது கணக்கின் மெயில் முகவரியை மாற்றினால் இன்ஸ்டாகிராம் பழைய முகவரிக்கு ஒரு தகவல் அனுப்பும். அனுப்புநர் முகவரி 'செக்யூரிட்டி அட் மெயில் டாட் இன்ஸ்டாகிராம் டாட் காம்' என்று இருக்கும். அதில் "இதை நீங்கள் செய்யவில்லையா, கணக்கைப் பாதுகாக்க இங்கே தொடவும்" என்கிற மாதிரி ஒரு இணைப்பு. அதைத் தொட்டால் திருடன் போட்ட மெயில் போய், உங்களுடையது திரும்ப வரும். நாள் ஆக ஆக அந்த இணைப்பு வேலை செய்யாமல் போகலாம். பலர் இந்த மெயிலைப் பார்ப்பதே இல்லை. ஸ்பேமில் கிடக்கும், இல்லாவிட்டால் 'சோஷியல்' என்று ஜிமெயில் தனியாகப் பிரித்து வைக்கும் இடத்தில் கிடக்கும். குப்பைத்தொட்டியையும் பாருங்கள்.

குப்பைத்தொட்டியை ஏன் சொல்கிறேன் என்றால், மெயிலுக்குள்ளும் புகுந்த திருடன் அங்கே ஒரு ஃபில்டர் போட்டுவிட்டுப் போவான்: இன்ஸ்டாகிராமிலிருந்து எது வந்தாலும் நேராக அழித்துவிடு என்று. நீங்கள் நாள் முழுக்க இன்பாக்ஸைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், ஒன்றும் வராது. ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். நீங்கள் போடாதது ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். மெயில் பாஸ்வேர்டே மாறிவிட்டது என்றால் இன்ஸ்டாகிராமை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் கூகுள் கணக்கை மீட்கப் பாருங்கள். அங்கே மீட்பு நம்பரை யாராவது மாற்றியிருந்தாலும், மாற்றிய நாளிலிருந்து 7 நாள் வரை பழைய நம்பரை வைத்து உள்ளே வர வாய்ப்பு உண்டு. உங்கள் விஷயம் நடந்தது போன வாரம், அதனால் இன்றைக்கே.

இந்த வழி அடைபட்டிருந்தால் அடுத்தது 'இன்ஸ்டாகிராம் டாட் காம் ஸ்லாஷ் ஹேக்ட்' என்ற பக்கம். முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள், கூகுளில் தேடிப் போகாதீர்கள். வழக்கமாகக் கணக்கு திறந்திருந்த அதே போனில், அதே கடை வைஃபையில் செய்யுங்கள். புதுப் போன், வேறு ஊர் என்றால் அவர்களுடைய சிஸ்டம் உங்களையே சந்தேகப்படும்.

முகம் உள்ள கணக்கு என்றால் வீடியோ செல்ஃபி கேட்பார்கள், தலையை இப்படியும் அப்படியும் திருப்பச் சொல்வார்கள், கணக்கில் உள்ள படங்களோடு ஒப்பிடுவார்கள். உங்கள் கணக்கில் பொம்மைதானே இருக்கிறது, அதனால் அந்த வழி உங்களுக்கு இல்லை. யாராவது "உங்கள் செல்ஃபியை அனுப்புங்கள், நான் ஏற்றுகிறேன்" என்றால் அது உங்கள் முகத்தை வாங்கும் வேலை, அவ்வளவுதான். முகமில்லாத கணக்குக்கு, இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டா கேட்பது வேறு: கணக்கைத் திறந்தபோது கொடுத்த மெயில் அல்லது நம்பர் எது, எந்த வகைப் போனில் திறந்தீர்கள், ஆண்ட்ராய்டா ஐபோனா.

இங்கேதான் அந்தப் பையன் வருகிறார். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடை வைத்திருக்கும் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். கடை உங்களுடையது, சேலை உங்களுடையது, ஜிஎஸ்டி உங்கள் பெயரில், சிறுதொழில் பதிவான உத்யம் சான்றிதழ் உங்கள் பெயரில். ஆனால் இன்ஸ்டாகிராமைப் பொறுத்தவரை 2019-இல் எந்த மெயிலில், எந்தப் போனில் கணக்கு பிறந்ததோ அதுதான் உரிமையாளர். அந்தப் பையன் தன் சொந்த மெயிலைப் போட்டிருந்தால், மீட்புக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள், வேலையை விட்டுப் போனபோது மனஸ்தாபம் இருந்தாலும் பரவாயில்லை, தீபாவளிப் பலகாரத்தோடு நேரில் போனாலும் தப்பில்லை. அவரிடம் கேட்க வேண்டியது அந்தப் பழைய மெயில் எது, இன்னும் திறக்கிறதா, அதில் எச்சரிக்கை மெயில் வந்திருக்கிறதா, அப்போது என்ன போன், எந்த நம்பர். அந்த நம்பரை அவர் விட்டுவிட்டாரா என்றும் கேளுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் சில மாதங்களில் வேறொருவர் கைக்குப் போய்விடும், அப்படிப் போயிருந்தால் கோடும் அந்த ஆளுக்குத்தான் போகும்.

பையனுக்குப் பதிலாக ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் கம்பெனி திறந்து கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், அவர்கள் மாதக் கட்டணம் பாக்கி என்று சாவியைத் தரமாட்டார்கள். அது ஹேக் இல்லை, உரிமைத் தகராறு. மீட்புப் பக்கத்தில் அதை ஹேக் என்று எழுதினால் எங்கும் போய்ச் சேராது. வக்கீல் நோட்டீஸ்தான் பேசும். நல்லவேளை, உங்களுடையது அப்படி இல்லை.

இன்னொரு கதவு இருக்கிறது. இந்த இன்ஸ்டாகிராமை ஒரு ஃபேஸ்புக் கணக்கோடு இணைத்திருந்து, அந்த ஃபேஸ்புக் இன்னும் உங்கள் கையில் இருந்தால், 'ஃபேஸ்புக் மூலம் நுழை' என்பதை முயன்று பாருங்கள். விளம்பரம் போட்ட கணக்கு இருந்தால் மெட்டாவின் பிசினஸ் உதவிப் பக்கத்தில் ஆளோடு சாட் செய்யும் வசதி தெரியலாம். ஆமாம், விளம்பரத்துக்குக் காசு கட்டியவருக்கு மனிதர் பதில் சொல்வார், மற்றவருக்கு படிவம். 2023-இல் இந்தியாவில் மாதம் ₹699 என்று நீலக் குறியை விற்க ஆரம்பித்தபோது அதற்குள்ளும் 'நேரடி உதவி' என்று சேர்த்துத்தான் விற்றார்கள், ஆனால் வெளியே பூட்டப்பட்டு நிற்பவர் அந்தக் கணக்குக்கு அதை எப்படி வாங்குவது? உள்ளே நுழைய முடியாதவனிடம் "உதவிக்கு உள்ளே லாகின் செய்யவும்" என்று சொல்லும் அமைப்பு இது. படிவம் நிரப்பினால் ஒரு தானியங்கி மெயில் வரும், அதில் உள்ள இணைப்பு திரும்ப அதே படிவத்துக்குக் கூட்டிப் போகும். சலிக்காமல் போடுங்கள், ஆனால் ஒரே நாளில் பத்து முறை போடாதீர்கள், முயற்சி அதிகம் என்று தடுத்துவிடும்.

விளம்பரக் கணக்கில் உங்கள் கார்டு இருந்ததா? இருந்தால் இதைப் படித்து முடிப்பதற்கு முன் வங்கிக்குப் போன் செய்து கார்டை முடக்குங்கள். திருடன் உங்கள் காசில் விளம்பரம் ஓட்டுவது சர்வசாதாரணம். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, உங்கள் தவறில்லாமல் போன பணத்தை 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்குப் பொறுப்பில்லை. நீங்களே கோடைக் கொடுத்திருந்தால் வங்கி வாதாடும், ஆனாலும் நீங்கள் தெரிவித்த நிமிடத்துக்குப் பிறகு போகும் பணம் வங்கியின் தலையில்.

இப்போது அந்த ₹20,000 ஆளைப் பற்றி.

இவர்கள் உங்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று யோசித்தீர்களா? நீங்கள் எங்காவது "என் கணக்கு ஹேக் ஆகிவிட்டது" என்று ஒரு வரி எழுதினாலே போதும், ஐந்து நிமிடத்தில் கீழே "இவரைத் தொடர்பு கொள்ளுங்கள், எனக்கு மீட்டுக் கொடுத்தார், கடவுள் மாதிரி" என்று நாலு பேர் வருவார்கள். நாலும் ஒரே ஆள். பாதிப் பணம் வாங்குவார், அப்புறம் 'சர்வர் கட்டணம்' என்பார், அப்புறம் உங்கள் போனுக்கு வந்த கோடைக் கேட்பார், அது உங்கள் வாட்ஸ்ஆப் கோடாக இருக்கும். வாட்ஸ்ஆப்பும் போனால் மிச்சமிருக்கும் வாடிக்கையாளரும் போனார்கள். சிலர் போனில் ரிமோட் ஆப் போடச் சொல்வார்கள், அந்த ஆப்பைப் போட்டால் உங்கள் ஜிபே திரையும் அவருக்குத் தெரியும். சில சமயம் பூட்டியவரும் திறப்பதாகச் சொல்பவரும் ஒரே ஆள்தான்.

"எனக்கு மெட்டா உள்ளேயே ஆள் இருக்கிறது" என்று சொல்லியிருப்பாரே? அது முழுப் பொய்யான பேச்சு இல்லை, அதனால்தான் நம்புகிறார்கள். 2022 நவம்பரில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்ட செய்தியில், பயனர் கணக்குகளை உள்ளிருந்து மீட்க வைத்திருந்த கருவியைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக இருபதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள், ஒப்பந்தப் பணியாளர்கள் மீது மெட்டா நடவடிக்கை எடுத்தது தெரியவந்தது. லஞ்சம் வாங்கிக்கொண்டு செய்தவர்களும் அதில் உண்டு. ஆனால் அப்படி உள்வழியாக வந்த கணக்கு எந்த நாளும் திரும்பப் பறிக்கப்படலாம், அப்போது நீங்கள் முறையிடவும் முடியாது. உங்களிடம் பேசும் ஆளுக்கு அந்த அளவு செல்வாக்கு இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

கூகுளில் 'இன்ஸ்டாகிராம் கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடிக் கிடைக்கும் எண்களும் இதே கூட்டம். கணக்கை மீட்டுத் தர நீங்கள் கூப்பிடும் நம்பர் என்று இன்ஸ்டாகிராம் எதையும் வைத்திருக்கவில்லை. அப்படி ஒரு எண் எடுத்தவுடன் தமிழில் "வணக்கம் மேடம்" என்று பேசினால் உடனே வையுங்கள்.

உறவுக்காரர்கள், வாடிக்கையாளர்கள் எல்லோரையும் வைத்து அந்தக் கணக்கை ரிப்போர்ட் அடிக்கச் சொல்லும் யோசனையும் யாராவது கொடுப்பார்கள். வேண்டாம். கணக்கே முடக்கப்படலாம். முடக்கப்பட்டால் 180 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அதைச் செய்ய அதே கணக்குக்குள் நுழைய வேண்டியிருக்கும், நீங்கள் நிற்பதோ வெளியே.

போலீஸ் புகார் உங்களுக்கு அவசியம், கணக்கு திரும்ப வரும் என்பதற்காக இல்லை, அந்த கிரிப்டோ ஸ்டோரியை நம்பி யாராவது உங்கள் பெயரில் பணம் போட்டால் உங்கள் மேல் கை வரக்கூடாது என்பதற்காக. 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்தில் பதிவு செய்யுங்கள், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, 66டி பிரிவுகள் என்று மனுவிலேயே குறிப்பிடுங்கள். எஃப்ஐஆர் உடனே போடமாட்டார்கள், "மெயில் பண்ணிப் பாருங்கம்மா" என்பார்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள். பணம் இழந்த வாடிக்கையாளரைத் தாமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

அந்த ரசீதோடு அடுத்த படி, நிறையப் பேருக்குத் தெரியாதது. 2021 ஐடி விதிகளின்படி இந்த மாதிரி நிறுவனம் ஒவ்வொன்றும் இந்தியாவில் ஒரு குறைதீர்ப்பு அலுவலரை வைக்க வேண்டும், புகாரை 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி 7 நாளில் முடிக்க வேண்டும் (2026 பிப்ரவரி திருத்தம் வரை அது 15 நாளாக இருந்தது). இன்ஸ்டாகிராம் உதவிப் பக்கத்தில் அந்த அலுவலரின் விவரம் இருக்கிறது, தேடினால்தான் கிடைக்கும் இடத்தில். ஜிஎஸ்டி, உத்யம் சான்று, பழைய விளம்பர ரசீது, சிஎஸ்ஆர் எல்லாம் இணைத்து எழுதுங்கள். வருவது பெரும்பாலும் ஒரு அச்சடித்த பதில், அதையும் 'தீர்த்துவிட்டோம்' கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம், 2023 மார்ச் முதல் இயங்குகிறது, எல்லாம் ஆன்லைனில், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். தளம் 'ஜிஏசி டாட் கவ் டாட் இன்'. ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும், வீட்டில் படிக்கும் பிள்ளையை உட்கார வையுங்கள். உங்களுக்கு ₹20,000-க்கு விற்க வரும் ஆள் சொல்லாத வழி இதுதான்.

இடையில் வியாபாரம் நிற்க வேண்டாம். வாட்ஸ்ஆப்பில் பழைய வாடிக்கையாளர் எல்லோருக்கும் "அந்த இன்ஸ்டாகிராம் இப்போது எங்கள் கையில் இல்லை, அதில் வரும் கியூஆர் எதற்கும் பணம் போடாதீர்கள்" என்று இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள், தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வாட்ஸ்ஆப்பில் இரட்டைச் சரிபார்ப்புக்கான ரகசிய எண்ணைப் (PIN) போட்டுவிடுங்கள்.

கணக்கு திரும்பக் கைக்கு வந்தால் முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது: உங்கள் மெயில், உங்கள் நம்பர் போட்டு, தெரியாத சாதனம் எல்லாவற்றையும் வெளியேற்றி, திருடன் போட்டு வைத்த இரட்டைச் சரிபார்ப்பை எடுத்துவிட்டு உங்களுடையதை, நுழைவுக் கோடை உருவாக்கித் தரும் அத்தென்டிகேட்டர் ஆப்பில் போடுவது. அப்போது 8 இலக்க மாற்றுக் குறியீடுகள் சில காட்டும். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போன் கேலரியில் வைக்காதீர்கள், பேனாவால் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள். அந்தப் பையனின் மெயிலை மட்டும் அவசரப்பட்டு மீட்பு விவரங்களிலிருந்து நீக்க வேண்டாம். உங்கள் மெயிலுக்கு உறுதிப்படுத்தும் செய்தி வந்து, ஒரு முறை வெளியேறித் திரும்ப நுழைந்து பார்த்த பிறகு எடுங்கள்.