லண்டனைவிட இரண்டு மடங்கு மழை, ஆனாலும் நாம் உலர் வலயமா?

கேள்வி: லண்டனில் இருக்கிற அண்ணா எப்போது போன் எடுத்தாலும் "இங்கே ஒரே மழை" என்கிறார். தேடிப் பார்த்தால் அங்கே வருடத்துக்கு 600 மில்லிமீற்றர் அளவுதான், இலங்கையில் எங்கள் வன்னிப் பக்கம் 1400. அப்படியிருக்க புத்தகத்தில் நாங்கள் எப்படி உலர் வலயம்? (வாசகி, மாங்குளம்)

பதில்: உங்கள் அண்ணாவும் பொய் சொல்லவில்லை, புத்தகமும் பொய் சொல்லவில்லை. லண்டனின் 600 பன்னிரண்டு மாதத்துக்கும் பிரிந்து தூறலாக விழுகிறது, நம்முடையதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது, பிறகு ஆடியில் குளம் வெடித்துக் கிடக்கும். சரி, அது ஒரு பாதி. மற்றப் பாதி வெயில். விழுந்த மழையில் எவ்வளவை வெயில் திருப்பி எடுத்துக்கொள்கிறது என்று பார்க்காமல் ஓர் இடத்தை ஈரம், வறட்சி என்று சொல்ல முடியாது.

இதைக் கணக்காக்கியவர் விளாடிமிர் கொப்பன். 1846இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் பிறந்த ஜெர்மன் குடும்பத்துப் பிள்ளை, படித்தது தாவரவியல். கிரிமியாவில் பள்ளிக்கூடம் போன காலத்தில், அங்கிருந்து வடக்கே ஊருக்குப் போய்வரும் வழியெல்லாம் மரமும் புல்லும் மாறிக்கொண்டே போவதைக் கவனித்திருக்கிறார். அந்தக் கண்ணோடுதான் 1900இல் உலகத்தின் காலநிலையைப் பிரித்தார், 1936 வரை திருத்திக்கொண்டே இருந்தார். (கண்டங்கள் நகர்கின்றன என்று சொல்லித் திட்டு வாங்கிய வெகனர் இவருடைய மருமகன்.)

அவருடைய வறட்சிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், கல்குலேற்றர்கூடத் தேவையில்லை. வருடச் சராசரி வெப்பநிலையை 20ஆல் பெருக்குங்கள். மழை வருடம் முழுக்கப் பரவி விழுந்தால் 140 கூட்டுங்கள், பெரும்பகுதி வருடத்தின் வெயில் பாதியில் விழுந்தால் 280, குளிர்ப் பாதியில் விழுந்தால் ஒன்றும் வேண்டாம். வருகிற மில்லிமீற்றரைவிட மழை குறைந்தால் அந்த இடம் வறண்டது, அதில் பாதிகூட இல்லையென்றால் பாலைவனம். லண்டனுக்கு 11 பாகை, ஆக 360. அதன் 600 தாராளமாகத் தாண்டுகிறது. நமக்கு 28 பாகை, மழை குளிர்ப் பாதியில் என்றால் 560, பரவி விழுகிறது என்று எடுத்தாலும் 700. லண்டனின் மழை வன்னியில் பெய்தால் நாம் வறண்ட பட்டியலின் வாசலில் நிற்போம். 1400 பெய்வதால் தப்பினோம்.

ஆகவே கொப்பன் கணக்கில் வன்னி வறண்ட பிரதேசமே இல்லை. "உலர் வலயம்" இலங்கைக்குள் மட்டும் செல்லுபடியாகும் பெயர். வருடத்துக்கு 1750 மில்லிமீற்றருக்குக் கீழே என்றால் உலர், 2500க்கு மேலே என்றால் ஈரம், நடுவே இடைவலயம். மழை கொட்டும் இரத்தினபுரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார்தான் உலர் இல்லை!

கேள்வி: உயர்தரத்தில் புவியியல் படிக்கிறேன். வன்னிக்கு ஒரு புத்தகத்தில் "ஏ.டபிள்யூ", இணையத்தில் "ஏ.எஸ்". எது சரி? (மாணவன், கிளிநொச்சி)

பதில்: இரண்டும் கொப்பன் காலநிலைக்கு வைத்த எழுத்துக் குறிகள், இரண்டாவதுதான் நுணுக்கமானது தம்பி. முதல் எழுத்து "ஏ" என்றால் மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரிகூட 18 பாகைக்கு இறங்காது. மார்கழி விடியலில் போர்வையோடு வயலுக்குப் போனாலும் நம் தை மாதச் சராசரி 25ஐ ஒட்டித்தான். இரண்டாவது எழுத்து எந்தக் காலம் காய்கிறது என்பது. ஜெர்மனில் குளிர்காலம் "வின்டர்", கோடை "சொமர்", அந்த முதல் எழுத்துகள்தான் "டபிள்யூ"வும் "எஸ்"ஸும். ஆங்கிலத்துக்கும் பொருந்திப்போனது நம் அதிர்ஷ்டம்.

வெப்ப வலயத்தின் பெரும்பகுதியில் கோடையில் மழை, குளிர்காலத்தில் வறட்சி. நமக்குத் தலைகீழ். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, நம்மிடம் வெறும் சோளகமாக, புழுதியோடு வருகிறது. வடகிழக்கிலிருந்து வாடை வந்தால்தான் நமக்கு மழை. சென்னையும் நம்மைப் போலத்தான். உலக வரைபடங்கள் பலவற்றில் இந்தச் சின்ன "எஸ்"ஸை "டபிள்யூ"வோடு சேர்த்துவிடுவார்கள், அதுதான் உங்கள் புத்தகத்திலும் வந்திருக்கும். பரீட்சையில் புத்தகத்தில் உள்ளதையே எழுதுங்கள், புள்ளி முக்கியம்.

இரண்டுக்கும் "சவன்னா" என்று பெயர் வைத்திருப்பதுதான் எனக்குப் பிடிக்காத இடம். சவன்னா என்றால் புல்வெளி. பாலையும் வீரையும் முதிரையும் நெருங்கி நிற்கிற நம் காட்டுக்குள் யானை நின்றாலே தெரியாது, எங்கே புல்வெளி?

கேள்வி: எழுபதுகளில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. நுவரெலியா லண்டன் மாதிரி என்று தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். பெருமைக்குச் சொல்கிறாரா? (வாசகர், வவுனியா)

பதில்: கொப்பன் தாத்தா பக்கம். இரண்டு ஊருக்கும் ஒரே மூன்று எழுத்து, "சி.எஃப்.பி". குளிர்ந்த மாதம் 18 பாகைக்குக் கீழே, மழையில்லாத காலம் கிடையாது, சூடான மாதமும் 22ஐத் தாண்டாது. ஆனால் லண்டனின் தை 5 பாகை, நுவரெலியாவின் தை 14 அளவில், மழையோ மூன்று மடங்கு. ஒரே பெட்டிக்குள் இவ்வளவு வித்தியாசம் கிடக்கிறது என்பதையும் தாத்தாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்த எழுத்தெல்லாம் பெரும்போகத்துக்கு எப்போது விதைக்கலாம் என்று சொல்லுமா? (விவசாயி, ஒட்டுசுட்டான்)

பதில்: சொல்லாது ஐயா. எல்லாம் பல வருடச் சராசரி. 2016இல் வாடை மழை பொய்த்து அடுத்த வருடமும் காய்ந்தோம், 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. இரண்டையும் கூட்டி வகுத்தால் "நல்ல மழை" என்று வரும், யாருடைய வயலிலும் அந்த மழை பெய்யவில்லை. நம் விவசாயத் திணைக்களம் தீவை 46 பிரதேசமாகப் பிரித்தபோது சராசரியை விட்டுவிட்டு, நான்கு வருடத்தில் மூன்று வருடமாவது எவ்வளவு மழையை நம்பலாம் என்ற கணக்கை எடுத்தது. உங்களுக்கு உதவுவது அது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் உங்கள் பகுதிக்கு அந்த அளவு என்னவென்று கேளுங்கள், குளத்தின் நீர்மட்டத்தையும் கையோடு கேட்டுவிடுங்கள்.