காலையில விரல் மடங்கல... இது வாயுவா?

"எனக்கு 38 வயசு. நாலு மாசமா காலையில எந்திரிச்சா ரெண்டு கை விரலும் வீங்கி, மடங்கவே மாட்டேங்குது. பையன் யூனிஃபார்ம் பட்டன் போட முடியல. பத்து மணிக்கு மேலதான் கை என் கையா இருக்கு. மாமியார் வாயுங்கிறாங்க, மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போடுறேன். மூட்டுத் தேய்மானமா இருக்குமா?" (விருதுநகர் வாசகி)

தங்கச்சி, அந்த பத்து மணி கணக்குதான் எனக்கு உறுத்துது. தேய்மானம்னா குருத்தெலும்பு தேயுறது, பெரும்பாலும் 50க்கு மேல முட்டியில வரும், காலை இறுக்கம் அரை மணி நேரத்துல விட்டுரும், அப்புறம் நடக்க நடக்கத்தான் வலி. எனக்கே வலது முட்டி அப்படித்தான், மாடிப்படி இறங்குறப்ப சாமி பேரு தானா வருது.

உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல இறுகுது, ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி, வீக்கம் வேற. இது முடக்கு வாதமா, அதான் ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸா இருக்கலாம். உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டுக்குள்ள இருக்குற ஜவ்வைத் தாக்கும், அது வீங்கி கொஞ்சம் கொஞ்சமா எலும்பையே அரிச்சிரும், விரல் கோணிட்டா திரும்ப நேராக்குறது கஷ்டம். ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகமா வருது. மெடிக்கல் மாத்திரை வலியை மறைக்குமே தவிர அரிக்கிறத நிறுத்தாது, மாசக்கணக்கா போட்டா வயித்துப்புண்ணு, கிட்னின்னு இழுத்துட்டுப் போகும்.

ருமட்டாலஜிஸ்ட்னு மூட்டு வாத டாக்டர் இருப்பாங்க, இந்த மாசமே போய்ப் பாருங்க. ஆர்.ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபி, ஈஎஸ்ஆர், சிஆர்பின்னு ரத்த டெஸ்ட் எல்லாம் எழுதுவாங்க. ஆர்.ஏ நெகட்டிவ்னு வந்தா நோயே இல்லன்னு சந்தோஷப்பட்டு திரும்பிராதீங்க, நெகட்டிவா இருந்தும் நோய் இருக்குறவங்க உண்டு. இந்த நோயைக் கட்டுப்படுத்துற மெத்தோட்ரெக்சேட்ங்கிற மருந்தைக் குடுத்தா அது வாரத்துக்கு ஒரே நாள் போடுற மாத்திரை, மறந்துபோய் தினம் போட்டா உயிருக்கே ஆபத்து, காலண்டர்ல கிழமையைச் சுழிச்சு வைங்க. குழந்தை பெத்துக்குற யோசனை இருந்தா டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிருங்க.

மாமியார் முடக்கத்தான் தோசை சுட்டுத் தந்தா தாராளமா சாப்பிடுங்க, நல்லாத்தான் இருக்கும், ஆனா அதை நம்பி நாளைக் கடத்தாதீங்க. துணியை கையால முறுக்காம குழாய்ல சுத்திப் பிழியுங்க, குடத்தை விரல்ல தொங்கவிடாம இடுப்புல வைங்க. பட்டனை பையனே போட்டுப் பழகட்டும்.

இன்னொண்ணு, டாக்டர் பாக்குறது சாயங்காலமா இருந்தா வீக்கம் வடிஞ்சிருக்கும். காலையில எந்திரிச்ச உடனே ரெண்டு கையையும் சேர்த்து வச்சு போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டுப் போங்க.