மறுமொழி: மொட்டைமாடிச் சிலம்ப வகுப்பு

வணக்கம் ஐயா. எட்டுப் பிள்ளைகளும் யூடியூபில் பார்த்த வேகச் சுற்றையே கேட்கிறார்கள், காலடி (கால் எடுத்துவைக்கும் முறை) என்றாலே முகம் சுளிக்கிறார்கள், போன வாரம் ஒரு சிறுமிக்கு மணிக்கட்டில் அடி என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அந்த அடி. 5 அடிக் கம்பைக் கை நீட்டிச் சுற்றினால் சுற்றிலும் 7 அடியாவது காலியாக இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரும் சுற்றினால் இடைவெளி 14 அடி. ஆகவே ஒரு நேரத்தில் இருவர் மட்டும் கம்பெடுக்கட்டும். மற்றவர்கள் ஓரமாக வெறுங்கையோடு காலடி பழகட்டும்.

வீடியோவைத் தடை செய்யாதீர்கள், பலிக்காது. அதையே வகுப்பில் கால் பங்கு வேகத்தில் போட்டு, திரையின் மேல்பாதியை அட்டையால் மறைத்துவிடுங்கள். கால்கள் மட்டும் தெரியும். எந்தக் கால் முன்னே போகிறது, உடல் எப்போது திரும்புகிறது என்று அவர்களே சாக்பீஸால் தரையில் வரையட்டும். தாங்கள் ஆசைப்பட்ட ஆட்டக்காரர் காலடியில்தான் நிற்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளையிடம் அதற்குமேல் உபதேசம் தேவையில்லை. (உபதேசத்தால் காலடி பழகிய பிள்ளையை நான் கண்டதில்லை.)

கம்பு அவரவர் புருவ உயரம் இருந்தால் போதும். சிறுவர்களுக்கு மூங்கிலைவிட மெல்லிய பிரம்பு நல்லது. வெடிப்போ சிராயோ இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். தலைக்கவசம் வாங்கும்வரை கம்புச் சண்டை வேண்டாம், பெற்றோரே கேட்டாலும்.

மாடியின் நீள அகலத்தை எழுதுங்கள். யாரை எங்கே நிறுத்தலாம் என்று சொல்கிறேன்.