வெள்ளிக்கிழமைப் பூசையும் ஓரியூர் மண்ணும்

தங்கச்சிமடத்திலிருந்து பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, வந்து அஞ்சு மாசம் ஆச்சு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக வழியில்லை. ரூம்ல செபமாலை எடுத்தா கிண்டல் பண்றாங்க. ஊர்ல இருந்த விசுவாசம் குறைஞ்சுக்கிட்டே போகுது. நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?"

தம்பி, நான் பாம்பன்காரன். இங்கே வந்து 19 வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் நான் சமாளிக்கவே இல்லை. கடலுக்குப் போனால் நாலைந்து நாள், கரைக்கு வந்தால் தூக்கம். லீவு கேட்டால் முதலாளி சம்பளத்தில் பிடிப்பார். ஊரில் கோயில் மணி கேட்டாலே கால் தானாகப் போகும். இங்கே மணியும் இல்லை, கூப்பிட அம்மாவும் இல்லை. ஒரு வாரம் விட்டேன், அப்புறம் மாசக்கணக்கில் விட்டுப்போனது.

அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் அம்மா கருவாடு கொடுத்து அனுப்பியிருந்தார். அதோடு ஒரு சின்னப் பொட்டலம். உள்ளே ஓரியூர் செம்மண். அன்று ராத்திரி முழுக்க அந்த மண்ணில் உயிரைக் கொடுத்த புனித அருளானந்தரைத்தான் (ஜான் டி பிரிட்டோ) நினைத்துக்கொண்டிருந்தேன். லிஸ்பனில் பிறந்தவர். ராமநாதபுரம் பக்கத்து நம் மறவர் சீமைக்கு வந்து தமிழ் படித்து, காவி கட்டி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு வாழ்ந்தார். 1686இல் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். அப்புறம் போர்ச்சுகல் போனவரை அங்கேயே இருக்கச் சொல்லி அரசரே கேட்டும் 1690இல் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4, விபூதிப் புதன் அன்று ஓரியூரில் தலையைக் கொடுத்தார். அதற்கு முந்தின நாள் சிறையில் கரியைக் கொண்டு கடிதம் எழுதினார். எழுதுகோல் இல்லை என்று அவர் சும்மா இருக்கவில்லை. நானோ ஞாயிற்றுக்கிழமை இல்லை என்று சும்மா இருந்தேன். அதை நினைத்து அழுதுவிட்டேன், தம்பி.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு கிடைக்கவில்லை என்று கவலைப்படாதே. இங்கே வெள்ளிதான் விடுமுறை, அன்றைக்கே ஞாயிறு பூசையை வைக்கிறார்கள். மனாமாவில் திரு இருதய ஆலயம் இருக்கிறது. 1939இல் இந்த நாட்டு மன்னர் கொடுத்த நிலத்தில் கட்டியது. அவாலியில் 2021இல் திறந்த அரேபிய அன்னை பேராலயமும் உண்டு. ஆகவே ஒளிந்து செபிக்க வேண்டிய ஊர் இல்லை இது. தமிழ்ப் பூசை நேரத்தை மட்டும் கோயிலில் கேட்டு வைத்துக்கொள்.

கடலில் இருக்கும் வாரம் என்ன செய்வது? பாம்பனில் வலை விடுவதற்கு முன் சிலுவை போடுவோமே, அதை இங்கேயும் விடாதே. சாயங்காலம் செபமாலையில் பத்து மணிகளாவது சொல். 53 மணியும் சொல்ல முடியவில்லை என்று மொத்தமாக விட்டதுதான் நான் செய்த பெரிய தப்பு.

கிண்டல் செய்கிறவர்களோடு சண்டைக்குப் போகாதே. என் அறையில் கீழக்கரை பாய் ஒருவர் இருந்தார். எவ்வளவு அசதியிலும் விடிகாலைத் தொழுகையை விட்டதில்லை. அவர் எழும்போது நானும் எழுந்து செபமாலை எடுக்க ஆரம்பித்தேன். ஒருநாள் நான் அசந்து தூங்கிவிட்டேன். அவர்தான் தட்டி எழுப்பி, "இன்னிக்கு ஓதலையா?" என்று கேட்டார். கிண்டல் செய்த மற்றவர்களும் அப்புறம் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

ஆனால் தனியாக ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க முடியாது. சபை கூடுவதை விட்டுவிடாதீர்கள், ஒருவரையொருவர் ஊக்கப்படுத்துங்கள் என்று பைபிளில் எபிரேயர் திருமுகம் பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை எழுதியபோதே சிலர் வராமல் நின்றிருக்கிறார்கள் பார். நாங்கள் ஏழு பேர், பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் ஆட்கள், பூசை முடிந்து டீ குடித்துவிட்டுத்தான் பிரிவோம். யாராவது இரண்டு வாரம் வரவில்லை என்றால் போன் போடுவோம்.

அடுத்த வெள்ளி நீ கரையில் இருந்தால் மனாமா கோயிலுக்கு வா. தமிழ்ப் பூசைக்கு அரைமணி முன்னாடியே வாசலில் நிற்பேன். அம்மா அனுப்பிய மண்ணில் கொஞ்சம் இன்னும் இருக்கிறது, உனக்குக் கொண்டுவருகிறேன்.